புழுவுக்கு மட்டும் தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் பாதுகாப்பு வாரம் நடந்தது. ரிட்டையர் ஆனவர்களைக் கூப்பிட்டு, ஒரு சால்வை போர்த்தி, டிபன் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, வேனில் ஏற்றி வீட்டில் விட்டுவிடுவார்கள். நானும் போனேன். பந்தலுக்குப் பின்னால் கேன்டீன் சுவருக்கு சிமெண்ட் போர்டு அடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிரைண்டரால் போர்டை அறுத்தார். தூள் எழும்பி, வேப்ப மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நேராக மேடைக்கு வந்தது. 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று எழுதியிருந்த பேனரே வெளுத்துப் போயிற்று. பேசிக்கொண்டிருந்தவர் மைக்கைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாதுகாப்பைத் தொடர்ந்தார்.

நான் எழுந்து போய், "ஏம்பா, ஒரு வாளி தண்ணி வச்சுக்கக் கூடாதா?" என்றேன்.

"ஷாக் அடிக்கும் பெரியவரே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த மெஷினை அந்த வேலைக்கென்று அவர் கையில் கொடுத்தவனைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியிருக்க வேண்டும்.

இதைக் கவனித்த சேஃப்டி ஆபீசர் ஓடி வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். "சார், நீங்க அந்தக் காலத்து ஷீட் வேலையெல்லாம் பார்த்தவராமே. பாதுகாப்பு வார மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. அஞ்சு பாயிண்ட் போதும்."

என்னிடம் அஞ்சு பாயிண்ட் இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. அதையும் எனக்குச் சொன்னது எந்த இஞ்சினீயரும் இல்லை, பட்டுப்புழு. அதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவின் ஒரு மூலை. இன்றைக்குக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் அன்றைக்குக் கொள்ளும் கேப்பையும் விளைந்தன என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் விடமாட்டேன். கொள்ளுக் காட்டில் எனக்கென்ன வேலை? நான் சிங்காரப்பேட்டையில் கடலைக்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். பெங்களூரில் பெரிய தொழிற்சாலையில் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கிளம்பி, கையில் இருந்த காசு ஓசூர் வரைக்கும்தான் வந்ததால் அங்கே இறங்கினேன்.

கட்டட கான்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் கிளார்க் வேலை கிடைத்தது. அளவு எடுப்பது, சாமான் வந்தால் எண்ணி வைப்பது, ஆள் கணக்கு எழுதுவது. வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கிவிடுகிறேன். நான் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த வயதில் அதற்குப் பெயர் சுறுசுறுப்பு.

பாகலூர் ரோட்டில் ஒரு மல்பெரித் தோட்டம். முதலாளி பெங்களூரில் இருப்பார், வாரம் ஒருமுறை காரில் வருவார். தோட்டத்துக்குள் பழைய புழு வீடு ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று கட்டுவதுதான் எங்கள் வேலை. மண் சுவரில் எலி வளை போடுகிறது, எறும்பு ஏறிப் புழுவைத் தின்கிறது என்று, புது வீட்டுக்குச் சட்டம் மரத்திலும் சுவர் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டிலும் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். வழவழவென்ற மட்டத் தகடு. கழுவிவிடலாம். சிமெண்டோடு கல்நார் சேர்த்துச் செய்தது. "கல்லை நூலாத் திரிச்சு, ரொட்டியாத் தட்டியிருக்கானாம்" என்று ஊரார் வந்து தட்டித் தட்டிப் பார்த்துப் போனார்கள். கல்நார் என்னவெல்லாம் செய்யும் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்கேயோ யாருக்கோ தெரிந்திருக்கலாம். தகட்டோடு வந்த காகிதத்தில் தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது என்றுதான் எழுதியிருந்தது.

தகடு அறுக்க வெங்கட்டப்பா என்று ஒருவர். தெலுங்கு பேசுகிற தச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை நான் வாப்பா போப்பா என்றுதான் பேசினேன். கிளார்க் உத்தியோகம் கொடுத்த கொழுப்பு. அவர் என்னை 'எஸ்ஸெல்சி சாமி' என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அளக்க என்னிடம் டேப் இல்லை.

அவர் வேலை செய்கிற விதம் எனக்கு எரிச்சல் மூட்டும். முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். காற்று முதுகில் படுகிற மாதிரிதான் பலகையைப் போடுவார். தகட்டின் நல்ல முகத்தை மேலே வைத்து, சுண்ணாம்பு நூல் அடித்துக் கோடு போடுவார். கோட்டின் மேல் ஈரச் சாக்கை நீளமாக விரித்து, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் அப்படியே விட்டுவிடுவார். பிறகு சாக்கை எடுத்துவிட்டு மட்டக்கோலை அழுத்தி வைத்து, பழைய அரத்தின் நுனியைத் தீட்டிச் செய்த கீறியால் தன் பக்கமாக இழுப்பார். அழுத்த மாட்டார். எட்டு இழுப்பு, பத்து இழுப்பு. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை, ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியிலிருந்து கோட்டின் மேல் தண்ணீர் சொட்டும். கீறின தூள் பறக்காது. கேப்பைக் கூழ் மாதிரி வழியும். தகட்டின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும், கோடு பலகையின் விளிம்புக்கு வருகிற மாதிரி தகட்டை நகர்த்தி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரே அமுக்கு. டக். நூல் பிடித்த மாதிரி ஒடிந்து நிற்கும். விளிம்பை நனைந்த அரத்தால் ஒரு தேய்.

ஆணி அடித்து ஓட்டை போட மாட்டார். கைத்துரப்பணத்தின் நுனியில் ஈரத் துணி சுற்றி, போல்ட்டை விட ஒரு நூல் பெரிதாகத் துளை எடுப்பார். வெயிலில் தகடு விரிய இடம் வேண்டும், இறுக்கினால் வெடிக்கும். சாயங்காலம் துடைப்பத்தைத் தொட மாட்டார். வழிந்த கூழை ஈரத்தோடு வழித்து, குழியில் கொட்டி, மேலே மண் தள்ளுவார். எல்லாம் முடிய ஒரு நாளைக்குப் பத்துத் தகடு தேறினால் அதிகம்.

"எதுக்குப்பா இவ்ளோ சடங்கு?" என்று கேட்டேன்.

"கை அரிக்குது சாமி. துணியெல்லாம் மாவாப் போயிடுது. எம் பொண்டாட்டி துவைக்க மாட்டேங்கிறா."

அவ்வளவுதான் காரணம். அவரை ஞானி ஆக்கிவிடாதீர்கள். பொண்டாட்டிக்குப் பயந்தவர், அவ்வளவே. ஆனால் அந்த ஜில்லாவில் ஒழுங்காகத் தகடு வெட்டிய ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் மேல் ஓவர்சீயர் ஒருவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, நாலாக மடித்த கைக்குட்டை. அவர் கத்தி ஒருநாளும் கேட்டதில்லை. வந்ததும் நாற்காலியை எடுத்துப் போடச் சொல்வார். எங்கே போடுவது என்பதை மட்டும் அவரே காட்டுவார். காற்று வருகிற பக்கம், தூள் எட்டாத இடம். பார்த்தீர்களா, அவருக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வருஷம் வேலை பார்த்ததில், தனக்கு என்ன வேண்டும் என்பது அவருடைய மூக்குக்குத் தெரிந்திருந்தது. மற்ற மூக்குகளுக்குத்தான் எஸ்டிமேட்டில் இடமில்லை. சிவப்புத் துணியில் சுற்றிய எஸ்டிமேட் அவர் மடியில் இருக்கும். எதைக் கேட்டாலும் அதைத் தடவிக்கொண்டே, "இதிலே இருக்கா?" என்பார். என்னிடம் சந்தோஷமாக இருந்தால் 'தம்பி', கோபமாக இருந்தால் 'மிஸ்டர்'.

வெங்கட்டப்பா பீப்பாய் வண்டித் தண்ணீரில் ஏழெட்டுக் குடம் எடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "தகடு அறுக்கத் தண்ணீர் என்று இதிலே இருக்கா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். அதுதான் முடியாதே. "சார், தண்ணியே வேண்டாம். நாலு தகட்டை ஒண்ணா அடுக்கி, ரெண்டு ஆள் ரம்பத்தால ஒரே அறுப்பு. ஈரம் இருந்தாப் பல்லுல ஒட்டிக்கும், காய்ஞ்சு இருந்தாத்தான் ஓடும்" என்றேன். பெங்களூர் மரக்கடையில் பலகை அறுப்பதை ஒரே ஒரு தரம் பார்த்ததில் வந்த ஞானம்.

"தம்பி, நீ இஞ்சினீயர் ஆக வேண்டியவன்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில்.

அடுக்கு ஆடாமல் இருக்கக் கெட்டியான இடம் வேண்டும். பழைய புழு வீட்டின் மேற்கே ஒரு கல் மேடை கிடந்தது. அதுதான் பட்டறை. முதல் நாளே நானும் வெங்கட்டப்பாவும் ஆளுக்கொரு முனை பிடித்து நாற்பது தகடு அறுத்தோம். கீழ்த் தகட்டு விளிம்பெல்லாம் பல்லுப் பல்லாகப் பெயர்ந்தது. பட்டி வைத்து மறைத்துக்கொள்ளலாம் என்றேன். சாயங்காலம் ரம்பம் மழுங்கிக் கட்டையாயிற்று. தீட்டினால் போயிற்று என்றேன். இடுப்பு வரைக்கும் நாங்கள் வெள்ளையாக நின்றோம்.

"மாவு மில்லு வெச்சிட்டீங்களே எஸ்ஸெல்சி சாமி" என்றார் வெங்கட்டப்பா. "ராகி கொண்டாந்தா அரைச்சிக் குடுப்பீங்களா?"

நானும் சிரித்தேன். ஆனி மாதம், மேல்காற்று. மேடைக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

கிழக்கே சென்னம்மா இலை உலர்த்துகிற தாழ்வாரம்.

சென்னம்மா பழைய புழு வீட்டைப் பார்த்துக்கொண்டவர். கன்னடத்துக்காரர். கணவர் இறந்தபின் எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்து, அதே வீட்டின் ஒட்டறையில் தங்கியிருந்தார். நாற்பது வயது இருக்கும். புழு வீட்டுக்குள் யாரையும் விட மாட்டார். வாசலில் தொட்டித் தண்ணீர், கால் கழுவாமல் படி ஏறக்கூடாது. பீடி குடித்தவன், பொடி போட்டவன், எண்ணெய் தேய்த்துக்கொண்டவன் எல்லாம் வேலியோடு சரி. ஓவர்சீயரையே அவர் பொடி டப்பிக்காகத் திருப்பி அனுப்பியவர். அதை அந்த மனிதர் மறக்கவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. புழு வளர்க்கிறவளுக்குக் கை வேண்டும் என்பார்கள். ஒரு தடவை புழு மொத்தமாகச் செத்தால் 'கெட்ட கை' என்று பெயர் விழும். விழுந்தால் மாலூர் வரைக்கும், ஆனேக்கல் வரைக்கும் ஒருவரும் அவளிடம் முட்டை கொடுக்க மாட்டார்கள். சென்னம்மாவுக்கு அந்தக் கை ஒன்றுதான் சொத்து.

விடியற்காலையில் பறித்த இலையில் பனி இருக்கும். ஈர இலையைப் போட்டால் புழுவுக்குக் கழிச்சல் கண்டுவிடும். அதனால் தாழ்வாரத்தில் பாய் விரித்து, இலையைப் பரப்பி, ஈரம் போனபின்தான் தட்டுகளில் போடுவார். எங்கள் ரம்பம் ஓடியது சரியாக அந்த நேரத்தில்.

இரண்டாம் நாள் அவர் மேடைக்கு வந்து நின்றார். "தம்பி, உன் மாவு என் எலை மேலே வுழுது."

"அது சிமெண்ட்டும்மா. சுத்தமான சரக்கு. எறும்புகூட அண்டாது."

"எறும்பு அண்டாதது புழுவுக்கு ஆகுமா?"

"இலையைக் கழுவிப் போடுங்களேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சிருக்கியா நீ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எஸ்.எஸ்.எல்.சி. என்று முதுகுக்குப் பின்னால் நான் பதில் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. பாயை வேறு பக்கம் போட்டுப் பார்த்தார். இலையை உதறிப் பார்த்தார். பனியில் ஒட்டிய தூள் காய்ந்து பிடித்துக்கொண்டது. உதறினால் போகாது, கழுவினால் ஆகாது.

நான்காம் நாள் காலையில் புழு தின்னும் சத்தம் நின்றுவிட்டது. நாலாம் ஜுரம் முடிந்து எழுந்த புழு. தோல் உரிப்பதை அங்கே ஜுரம் என்பார்கள். அதற்கு மேல் ஒரு வாரம் ராப்பகலாகத் தின்று, பிறகு நூல் கட்ட ஏற வேண்டியது. அது தின்கிற சத்தம் மேடை வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிடந்தன. சாயங்காலத்துக்குள் உடல் சுருங்கிக் கறுக்க ஆரம்பித்தன.

நான் தாழ்வாரத்துக்குப் போய் ஓர் இலையை எடுத்து, எச்சில் தொட்ட கட்டைவிரலால் தேய்த்தேன். விரல் சாம்பல் நிறமாயிற்று. இன்னோர் இலை. அதுவும்.

நேராக ஓவர்சீயரிடம் போனேன். "சார், நம்ம தூள்தான். இலையில படிஞ்சிருக்கு."

அவர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "மிஸ்டர், யோசனை யாருடையது?"

"என்னுடையது."

"ரிப்போர்ட் எழுதினால் யார் பெயர் முதலில் வரும்?"

நான் சாம்பல் படிந்த விரலைச் சட்டையில் துடைத்தேன்.

"போய் வேலையைப் பார். அந்த அம்மா போன வாரம் ஒரு சாவுக்குப் போய் வந்தாள். ஊரே பார்த்தது. புழுவுக்கு அது போதும்."

ஒரு முழு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை அழகுபடுத்தி எழுத முடியாது. ரம்பத்தையும் நிறுத்தவில்லை. தாழ்வாரம் பக்கம் பார்க்காமல் அறுத்தேன், அதுதான் வித்தியாசம்.

மறுநாள் முதலாளி கார் வந்தது. முற்றத்தில் நின்றபடியே விசாரணை. ஓவர்சீயர் மெல்லிய குரலில் சாவு வீட்டு விஷயத்தைச் சொன்னார். மனசு வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார். அது அவருக்கு நன்றாக வரும்.

"போனியாம்மா?" என்றார் முதலாளி.

"போனேங்க. அக்கா மகன். குளிச்சி, துணி மாத்தி, மூணு நாள் உள்ளே கால் வெக்காம இருந்துட்டுத்தான் வந்தேன்."

"தீட்டு தீட்டுதானே" என்றார் ஓவர்சீயர். பொடி டப்பி கோட்டுப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

முதலாளி கடியாரத்தைப் பார்த்தார். "சரி, ஊருக்குப் போயிடும்மா. வேற ஆள் பார்த்துக்கறோம்."

சென்னம்மா அழவில்லை. "போறேங்க. கை கெட்டதுன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. திருடினேன்னு சொல்லுங்க, பரவாயில்லே. திருடிக்கு நாளைக்கு யாராவது வேலை குடுப்பாங்க."

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "சார், தூள் என்னுது" என்றேன். முழுவதையும் சொன்னேன். மேடை, காற்று, பனி இலை, நாலு தகட்டு அடுக்கு. விரலால் இலையைத் தேய்த்துக் காட்டினேன்.

"பையன் இளகின மனசு" என்றார் ஓவர்சீயர்.

முதலாளிக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. நம்பச் சொல்லிச் சென்னம்மா கேட்கவும் இல்லை. உள் அறையில் இளம் புழு கொஞ்சம் இருந்தது. அவற்றுக்குக் கொழுந்து இலை, சாயங்காலம் ரம்பம் நின்றபின் பறிப்பது, அதனால் அவை நன்றாக இருந்தன. அதிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து இரண்டு மூங்கில் தட்டில் விட்டார். ஒரு தட்டுக்கு வேலியோரத்துச் சுத்தமான இலை. இன்னொன்றுக்குத் தாழ்வாரத்து இலை.

"நாளைக்கு வந்து பாருங்க" என்றார். "ரெண்டுக்கும் நான்தான் எலை போடுவேன். ஒரே கை."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதைவிட ஒழுங்கான ஒரு பரிசோதனையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் முதலாளி வந்து பார்த்தார். ஒரு தட்டில் காம்பு மட்டும் மிச்சம். இன்னொன்றில் இலை அப்படியே வாடிக் கிடக்க, புழு அதன் மேல் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. அவர் ஓவர்சீயர் பக்கம் திரும்பினார். "இந்த வளவுக்குள்ள ஒரு தகடுகூடத் தண்ணி இல்லாம அறுக்கக் கூடாது. அந்த அம்மா இருக்கட்டும். முட்டை புதுசா வரும்."

ஓவர்சீயர் அங்கேயே எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதினார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன்: 'புழுக்களின் பொருட்டுத் தண்ணீர்.' ஐந்து நாள் அந்தத் தூளைத் தின்ற நாங்கள் அவருக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தோம்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேகமான ஆளாம். வெங்கட்டப்பாவின் பலகையும் சாக்கும் கொட்டாங்குச்சியும் திரும்பி வந்தன. இந்தத் தடவை நான் கொட்டாங்குச்சி பிடித்தேன். புது வீட்டை முடித்தோம்.

அடுத்த வேலை சூளகிரிக்கு அந்தப்பக்கம், கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு தானியக் கிடங்கு. அதே தகடு, அதே ஆட்கள். முதல் நாள் போய்ப் பார்த்தால் பீப்பாய் வண்டி இல்லை. இரண்டு ஆள் ரம்பம் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது, புதிதாகத் தீட்டி.

"தண்ணி எங்கே சார்?"

"அங்கே புழு இருந்தது தம்பி" என்றார் ஓவர்சீயர். நியாயத்தைச் சொல்கிற குரல்தான்.

வெங்கட்டப்பா என்னைப் பார்த்தார். "கேளுங்க எஸ்ஸெல்சி சாமி. நாம என்ன ஜாதிப் புழுன்னு கேளுங்க."

நான் கேட்கவில்லை. எனக்குத்தான் மூளை இருக்கிறதே. எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். அன்று மத்தியானமே ஒரு லாரியைப் பிடித்து ஓசூர் வந்து, பாகலூர் ரோட்டில் நடந்து, சென்னம்மாவின் வேலிக்கு வெளியே நின்றேன். புது முட்டை பொரிந்திருந்தது.

"அம்மா, ஒரே ஒரு தட்டு புழு குடுங்க. கிடங்குப் பக்கத்துல வச்சுக்கறேன். முதலாளி புழுன்னு சொன்னா ஓவர்சீயர் தண்ணி தந்துதான் ஆகணும்."

என் கெட்டிக்காரத்தனத்துக்கு அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை பாக்கி இருப்பதாகவும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

அவர் படியில் இறங்கவே இல்லை. "இப்பத்தான் இந்தக் கைக்குப் பேரு மிஞ்சியிருக்குது. அதைக் கொண்டாந்து உன் தூள்லே வெக்கச் சொல்றியா?"

"ஆளுங்க மூச்சுல போகுதும்மா. அதுக்காகத்தான்."

"அதைச் சொல்றதுதானே. புழுவுக்கு வாய் இல்லே, அதுக்காக நான் பேசினேன். உனக்கு வாய் இருக்குது இல்லே? எனக்காக அன்னிக்குத் தொறந்தே, ஒரு நாள் கழிச்சி. உங்களுக்காகத் தொறக்க எந்தப் புழுவைத் தேடறே?" ரோட்டுப் பக்கம் கை காட்டி, "போ. சட்டையை உதறாதே இங்கே" என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பிப் போகும்போது அவரைத் திட்டிக்கொண்டே போனேன். சூளகிரி வருவதற்குள் திட்டு என் பக்கம் திரும்பிவிட்டது.

மறுநாள் காலையில் ஓவர்சீயர் தன் நாற்காலிக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் அந்த நாற்காலியை எடுத்து, ரம்பத்துக்குக் கிழக்கே, காற்று போகிற பக்கம் போட்டேன். "இங்கே உட்காருங்க சார். நாங்க காய்ஞ்சே அறுக்கறோம். இல்லேன்னா தண்ணி வரவழைங்க. தண்ணி இல்லாம நான் அளந்துகூடத் தர மாட்டேன்."

வெங்கட்டப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

"நீ போகலாம் மிஸ்டர்" என்றார் ஓவர்சீயர்.

வெங்கட்டப்பாவும் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னோடு நடந்தார் என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். நடக்கவில்லை. அவருக்கு நான்கு பிள்ளைகள். அந்தக் கிடங்கையும், அதற்கப்புறம் எத்தனையோ கிடங்குகளையும் அவர் காய்ந்த தூளில்தான் முடித்தார். பல வருஷம் கழித்து ஓசூர் சந்தையில் பார்த்தேன். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரியில் டி.பி. என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். மார்புக்குள் எது வந்தாலும் அன்றைக்கு அதுதான் பெயர். தூள்தான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

சேஃப்டி ஆபீசர் தம்பிக்கு: பழைய கல்நார்த் தகட்டை இன்றைக்கு ஈரமாகவும் அறுக்கக் கூடாது, காய்ந்தும் அறுக்கக் கூடாது, கையே வைக்கக் கூடாது. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். இப்போது வருகிற போர்டில் கல்நார் இல்லை என்கிறீர்கள், சரி, சிமெண்டும் மணலும் இருக்கிறது. அந்தத் தூளும் நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. கீறி ஒடிக்க முடிந்ததைக் கீறி ஒடியுங்கள். மெஷின்தான் வேண்டுமென்றால் தூளை அங்கேயே உறிஞ்சுகிற மெஷின், தண்ணீர் தாங்குகிற மெஷின் வாங்குங்கள். தூளைப் பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும். இலையில் படிந்தபின் கழுவச் சொன்ன மேதை நான், எனக்குத் தெரியும். கைக்குட்டை மூக்கு துடைக்க.

அன்றைக்குக் கிடங்கை விட்டுக் கிளம்பும்போது ஓவர்சீயரிடம் ஒரு சர்டிபிகேட் கேட்டேன். வேறு வேலைக்குப் போக வேண்டுமே. மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து அவருக்கு. 'இவர் சுறுசுறுப்பானவர். மேலதிகாரிகளிடம் பணிவு போதாது. தண்ணீரை வீணாக்கும் பழக்கம் உள்ளவர்.'

ஓசூரில் கம்பெனிகள் வந்தபோது, பராமரிப்புப் பிரிவு வேலைக்கு அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டினேன். நேர்முகத்தில் இருந்தவர் படித்துவிட்டு, "தண்ணியை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். தகடு அறுத்தேன் என்றேன். ரிட்டையர் ஆகும் வரை கம்பெனி எனக்குப் பல பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. எல்லாம் பீரோவில் எங்கேயோ கிடக்கிறது. கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருப்பது ஓவர்சீயர் கொடுத்ததை.